வன்னி ஊர்களின் வரலாறு: தேடும் வழியும் தேவையும்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும்போது, தான் கடந்து வந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். அதற்குத் துணையாக மாணவர் இடாப்புகள் உண்டு. அதிபர்களின் அறிக்கைகள் உண்டு. பழைய மலர்களும் உண்டு. ஆனால் அக்கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்களுக்கு அத்தகைய ஏடுகள் இல்லை. வன்னிப் பெருநிலத்து ஊர்களின் வரலாறு பெரும்பாலும் முதியோரின் நெஞ்சிலேயே எழுதப்பட்டுள்ளது. ஓராண்டில் நான்கு முதியோர் மறைந்தால் அவ்வேட்டில் நான்கு பக்கங்கள் கிழிந்து போகின்றன. ஆகவே, நம் ஊர்களின் வரலாற்றை எங்கே தேடுவது, எவ்வாறு தேடுவது, இன்று ஏன் தேடுதல் வேண்டும் என்பன பற்றிப் பழைய மாணவருக்கும், இன்று பயில்வோருக்கும், ஆசிரியர்களுக்கும் சில சொல்ல விழைகின்றேன்.

ஆங்கில நாட்டில் ஊர் வரலாறு எழுதப் புகுவோன் பேறு பெற்றவன். 1086ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னன் எடுப்பித்த டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேட்டில் தன் சிற்றூரின் பெயரையும், அங்கிருந்த ஏர்களின் தொகையையும் அவன் காணலாம். 1538 முதல் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் பிறப்பும் மணமும் இறப்பும் பதியப்பட்டு வந்தன. 1948இல் லெஸ்டர் நகரத்து உயர் கல்லூரியில் ஊர் வரலாற்றுக்கென்றே தனித்துறை நிறுவப்பட்டது. அத்துறையைத் தொடங்கிய ஹொஸ்கின்ஸ் என்பவர், வேலியும் பாதையும் வயலின் வடிவமும் கூட ஆவணங்களே என்று 1955இல் வெளிவந்த தமது நூலிலே காட்டினார். நமக்கு முற்கூறிய ஏடுகள் வாய்க்கவில்லை. ஆயினும் பிற்கூறிய வழி நமக்கும் திறந்தே உள்ளது. வன்னி மண்ணை வாசிக்கத் தெரிந்தால் அதுவே ஒரு பேரேடு.

வன்னியின் பெருவரலாறு

யாழ்ப்பாணக் கடனீரேரிக்குத் தெற்கே அநுராதபுரத்தின் எல்லை வரை பரந்து கிடக்கும் காடும் வயலும் கலந்த நிலமே வன்னி. வன்னியர் எனப்பட்ட சிற்றரசர் இதனை ஆண்டனர். யாருக்கும் எளிதில் அடங்காமையால் இதற்கு அடங்காப்பற்று என்ற பெயரும் வழங்கிற்று. இவ்வன்னியர் பற்றிய பழங்கதைகளை வையாபாடல் என்னும் நூல் கூறும். ஒல்லாந்தர் 1780களில் வன்னியரின் அதிகாரத்தை ஒடுக்கினர். முல்லைத்தீவிலிருந்து வன்னியை நிருவகித்த ஒல்லாந்த அதிகாரி தோமஸ் நாகெல் 1793இல் இந்நிலம் பற்றிய குறிப்பொன்றை எழுதி வைத்தார்.

1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் இச்செய்தியைச் சொல்லும் கல்லொன்று நெடுங்காலம் நின்றது. போர் முடிந்தபின் அது உடைக்கப்பட்டது. அவ்விடத்திலேயே அவன் வீரமரணம் எய்தினான் என்று மக்கள் சொல்லக் கேட்கிறோம். கல்லோ, அவன் தோற்கடிக்கப்பட்டான் என்று மட்டுமே சொல்லிற்று; இறந்தான் என்று சொல்லவில்லை. வரலாறு கற்கும் மாணவன் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். கல்லை நாட்டியோர் தம் வெற்றியை எழுதினர். மக்கள் தம் துயரையும் பெருமிதத்தையும் நினைவில் வைத்தனர். ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடாமல் இரண்டையும் அருகருகே எழுதுவதே நேர்மை.

ஆங்கிலேயர் காலத்தில் வவுனியாவில் உதவி அரசாங்க அதிபராய் இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். காய்ச்சலும் காடும் ஊர்களை விழுங்கி வந்த காலம் அது. அவர் நூலைப் படிப்போர் பல ஊர்கள் ஓரிரு குடும்பங்களோடு நின்றதையும், பல குளங்கள் உடைந்து கிடந்ததையும் காணலாம். அதுவும் ஆட்சியாளன் ஒருவன் குதிரையின் மேலிருந்து கண்ட வன்னியே. வயலுக்குள் நின்றவர் கண்ட வன்னியை நாமே எழுதல் வேண்டும்.

பெயர் என்னும் முதற் சான்று

ஊரின் முதல் ஆவணம் அதன் பெயரே. வன்னியில் எப்பக்கம் திரும்பினும் குளம் என்று முடியும் பெயர்களே காதில் விழும். புளியங்குளம், மாங்குளம், ஈச்சங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், செட்டிகுளம் என்று அவை விரியும். இன்று வவுனியா என்று சுருங்கிவிட்ட நகரமும் முன்னர் வவுனியா விளாங்குளம் என்றே வழங்கிற்று. ஆழமான நீர்நிலை மடு. சிறு குளம் மோட்டை. வெட்டிய நீர்நிலை கேணி. நிலத்தடி நீர் தானே மேல் வரும் இடம் ஊற்று. கடனீரேரி கடலோடு சேரும் வாய் தொடுவாய். விசுவமடு, நொச்சிமோட்டை, நெடுங்கேணி, தண்ணீரூற்று, கொக்குத்தொடுவாய் என்பவற்றைக் கேட்டமாத்திரத்தே அங்கே முதலிற் குடியேறியவன் எந்நீரைக் கண்டு நின்றான் என்பது விளங்கிவிடும்.

அடுத்து மரங்கள். புளி, மா, விளா, பாலை, நொச்சி, குமிழ் ஆகியவை ஊர்ப்பெயர்களில் நிலைத்து நிற்கின்றன. பன்றிக்கெய்தகுளம் என்ற பெயர் வேட்டையொன்றைப் பதிந்து வைத்துள்ளது. மதவுவைத்தகுளம் என்ற பெயரோ நீர் திறக்கும் மதகு அமைத்த வேலையையே நினைவூட்டுகிறது. இத்தகைய பெயர் ஒரு சிறு கல்வெட்டுக்கு ஒப்பாகும்.

பிற்காலக் குடியேற்றங்களிலே பெயரிடும் முறை மாறிற்று. அங்கே எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று எண்களே ஊர்ப்பெயராயின. பொறியியலாளரின் வரைபடத்து எண்ணை மக்கள் தம் வீட்டு முகவரியாக்கிக் கொண்டனர். இவ்வாறு பெயரைக் கேட்டே ஓர் ஊர் காட்டுக் குளத்தைச் சுற்றி வளர்ந்த பழைய ஊரா, அரசாங்கம் நிலம் அளந்து கொடுத்த புதிய ஊரா என்று ஓரளவு கூறிவிடலாம்.

பெயர் மாறினால் நினைவும் மாறும். மணலாறு என்ற பெயர் 1980களில் வெலிஓயா என்று சிங்களத்தில் ஆக்கப்பட்டது. இரண்டும் மணலையும் ஆற்றையும் குறிப்பனவே, பொருள் மாறவில்லை. ஆயினும் தமிழ்ப் பெயரால் அவ்விடத்தை அறிந்த குடும்பங்கள் அங்கிருந்து பெயர்ந்து போயின. அடுத்த தலைமுறைக்குப் பழைய பெயரைச் சொல்லிக்கொடுப்பார் இல்லாவிடின் அவ்விடத்து வாழ்ந்தோர் கதையும் உடன் மறையும். ஊர்ப்பெயர்களைத் திருத்தமாக எழுதி வைத்தல் வெறும் மொழியார்வம் அன்று என்பதற்கு இஃதொரு சான்று.

குளம் என்னும் இரண்டாம் சான்று

வன்னியிலே ஊர் வேறு, குளம் வேறு அன்று. மேலே நீர் சேரும் காடு, அதன்கீழ் அலைகரை, பின்னர் குளக்கட்டு, கட்டின்கீழ் துருசு, துருசிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் இருமருங்கும் வயல், கட்டுக்கு அணித்தாய் மேட்டுநிலத்திற் குடிமனைகள், கட்டின்மேல் பிள்ளையாரோ ஐயனாரோ. இதுவே பழைய வன்னிக் கிராமத்தின் அமைப்பு. வடகீழ்ப் பருவமழையில் குளம் நிரம்பி வான்பாயும். அந்நீர் வீணாய்ப் போவதில்லை. தாழ்வாயுள்ள அடுத்த ஊர்க் குளத்தை அது சென்றடையும். ஆதலால் மேலூரான் கட்டை உயர்த்தினால் கீழூரானுக்கு நீர் குறையும். மேற்குளம் உடைந்தால் கீழ்க்குளமும் உடையும். ஊர்களுக்கிடையே இருந்த உறவையும் பகையையும் அறிய விரும்புவோர் வான்நீர் ஓடும் வழியைத் தொடர்ந்து நடந்தாலே போதும்.

காலபோகம் மழையையும் குளத்தையும் நம்பியது. சிறுபோகம் குளத்தை மட்டுமே நம்பியது. நீர் குறைந்த ஆண்டில் எவ்வளவு நிலம் விதைப்பது என்று கமக்காரர் கூடித் தீர்மானிப்பர். முன்னாளில் நீரைப் பங்கிடும் அதிகாரம் விதானையாரிடம் இருந்தது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின்பின் பயிர்ச்செய்கைக் குழுக்கள் தோன்றின. 1963இல் கிராமத் தலைமைக்காரர் முறையும் ஒழிந்து கிராம சேவகர் வந்தனர். ஒரு முதியவர் பேசும்போது ‘விதானையார் காலம்’ என்று சொன்னால், அது 1963க்கு முந்தியது என்று நாம் குறித்துக்கொள்ளலாம்.

பெருங்குளங்கள் பல ஊர்களுக்குத் தாயாயின. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குள வேலை 1902இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. அதன்கீழ் 1930களிற் குடியேற்றம் தொடங்கிற்று. கிளிநொச்சி நகரம் அதனால் வளர்ந்தது. பாலியாற்றின் வவுனிக்குளமும், பேராற்றின் முத்தையன்கட்டுக்குளமும் சுதந்திரத்தின்பின் புனரமைக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்றோர்க்கு அனுமதிப்பத்திரத்தின் மேல் முடிக்குரிய காணி கிடைக்க வழி செய்தது. 1940களின் நடுப்பகுதி முதல் டி.டி.ரி. தெளித்து நுளம்பை ஒடுக்கியமையால் மலேரியாவின் கொடுமை தணிந்தது. சட்டம், குளம், மருந்து ஆகிய மூன்றும் ஒருங்கே கூடாதிருந்தால் வன்னியின் புதிய ஊர்கள் எழுந்திரா. பின்னர் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேறினர். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட வேளையில் அவர்கள் மிளகாயும் வெங்காயமும் விளைவித்து நாட்டின் கண்களைத் தம்பால் திருப்பினர்.

நினைவு என்னும் மூன்றாம் சான்று

எனது தந்தையார் இரணைமடுவின்கீழ் ஒரு வாய்க்காலோரத்திற் காணி பெற்றவர். முதல் ஆண்டுகளில் எங்கள் வீடு கிடுகு வேய்ந்த கொட்டில். இரவிலே பரண்மேல் ஏறித் தகரம் தட்டி யானையையும் பன்றியையும் விரட்டுவர். அயலவர் பலர் தீபகற்பத்தின் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் ஊர் வழக்கம் மற்றவர்க்குத் தெரியாது. பிள்ளையார் பொங்கலுக்கு எந்த ஊர் முறையைப் பின்பற்றுவது என்று பெரியோர் ஓர் இரவு முழுவதும் வாதித்ததாக அன்னையார் கூறுவார். முடிவில், முதற் பொங்கலைப் பொதுப் பானையில் இடுவது என்று அமைந்தனராம். அந்தப் பொதுப் பானையில் அரிசி பொங்கிய நாளையே எங்கள் ஊரின் பிறந்தநாளென நான் கருதுகிறேன்.

கல்லூரி விடுமுறையில் ஊர் திரும்பும்போது புகையிரத நிலையங்களின் பெயர்களை வரிசையாய் ஒப்புவிப்பது எங்கள் விளையாட்டு. ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்று அது நீளும். ஆனையிறவில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும். பரந்தனில் அவ்வுப்பைக் கொண்டு இரசாயனத் தொழிற்சாலை இயங்கிற்று. கண்டி வீதியாற் சென்றால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் எந்த வாகனமும் கடந்து போவதில்லை.

இத்தகைய நினைவுகள் இனியவை. ஆயினும் இனிமை மட்டும் வரலாறாகாது. நினைவு நிகழ்ச்சியின் முறையைக் காக்கும், ஆண்டைக் காப்பதில்லை. எனவே முதியோரிடம் ‘எந்த ஆண்டு?’ என்று வினவுவதால் பயன் குறைவு. ‘யாழ்தேவி ஓடத் தொடங்கியதற்கு முன்னா, பின்னா?’ என்று கேட்டால் 1956 என்ற முளையில் அந்நினைவைக் கட்டலாம். ‘பெருவெள்ளத்துக்கு முன்னா?’ என்றால் 1957 டிசம்பர், ‘புயலுக்குப் பின்னா?’ என்றால் 1964 டிசம்பர். கரையோர ஊர்களிலே பிற்காலத்துச் செய்திகளுக்கு 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை யாரும் மறவாத முளை. இவ்வாறு பொது நிகழ்ச்சிகளோடு இணைத்துக் கேட்டால் வீட்டுக் கதை ஊர்க் கதையாகும். ஊர்க் கதை நாட்டு வரலாற்றோடு சேரும்.

வழிபாடு என்னும் நான்காம் சான்று

முல்லைத்தீவிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கல் நாடறிந்தது. ஆடு மேய்த்த சிறுவரிடம் மூதாட்டியாய் வந்த அம்மன், எண்ணெய் இல்லாதபோது நீரேரித் தண்ணீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாள் என்பது ஐதிகம். இன்றும் கடல்நீர் எடுத்து வந்து விளக்கெரிப்பது அவ்விழாவின் உயிர்நிலை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய வாரம் முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திற் பொங்கல் நிகழும். இவ்விழாக்களிலே தீர்த்தம் எடுப்பவர் யார், பாக்குத்தெண்டல் எந்த வீடுகளுக்குச் செல்லும், நேர்த்தி கொண்டு வருவோர் எவ்வூரார் என்று குறித்துக்கொண்டு போனால், பழைய ஊர்களின் உறவும் எல்லையும் வரைபடம் போல விரியும். மரபுரிமை பறிபோய்விடும் என்ற அச்சத்தால் மக்கள் இம்முறைகளை மாற்றுவதில்லை. ஆதலின் தாளில் எழுதியதிலும் பார்க்க இது சில வேளைகளில் நம்பத்தக்கது.

ஏன் இன்று?

1990இல் வடபகுதிப் புகையிரதம் நின்றது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாய் வன்னிக்குப் பெயர்ந்தனர். வன்னி அவர்களை ஏற்று நிழல் கொடுத்தது. 2008இலும் 2009இலும் வன்னியே ஊர் ஊராய்ப் பெயர்ந்தது. மல்லாவி, துணுக்காய், அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடி, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அவ்வோட்டம் முடிந்தது. அங்கே மாண்டோரின் பெயர்களைக்கூட முழுமையாய்த் தொகுத்த ஏடு ஒன்றில்லை. உயிர் தப்பிய ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களில் அடைபட்டனர். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

ஊர் திரும்பியோர் கண்டது காடு. வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, வீடும் இல்லை. எங்கள் குடும்பத்தின் அனுமதிப்பத்திரமும் இடப்பெயர்விலே தொலைந்தது. அலுவலகமொன்றில் பிரதி கேட்டபோது அங்கிருந்த கோவையும் அழிந்துவிட்டது என்றனர். அவ்வேளை எங்கட்குத் துணை நின்றவர் எண்பது வயதைக் கடந்த ஓர் அயலவர். வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைவாய் வரை எந்தக் காணி எவருடையது, எவருக்குப் பின் எவர் பெற்றார், எந்தக் கிணற்றை எவர் வெட்டினார் என்று அவர் ஒரு மூச்சிற் சொன்னார். சொன்னபடியே பற்றைக்குள் கிணறுகள் இருந்தன. ஒரு முதியவரின் நினைவு அன்று இருபது குடும்பங்களுக்கு உறுதியாயிற்று. அவர் இப்போது இல்லை. அவர் கூறியதை எழுதி வைத்த கொப்பி ஒன்று மட்டும் உண்டு. ஊர் வரலாறு பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

எவரையும் விடாது எழுதல்

ஊர் வரலாறு எழுதுவோர் கோயில் முதலாளரையும் காணிச் சொந்தக்காரரையும் மட்டும் எழுதி அமைந்துவிடலாகாது. காடு வெட்டியோரும், குளக்கட்டுக்கு மண் சுமந்த பெண்களும், மாடு மேய்த்தோரும், கரைவலை இழுத்தோரும் இடம்பெறல் வேண்டும். 1958லும் 1977லும் வன்செயல்களால் மலையகத்தினின்றும் வந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பல ஊர்களில் வயற்கூலிகளாகவே நினைக்கப்படுகின்றனர். அவர்கள் வெட்டிய காட்டில் எழுந்த ஊர்களின் வரலாற்றில் அவர்கள் பெயர் முதலில் வருதல் முறை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் அவர்கள் தலைமுறைகளாய் வாழ்ந்ததையும், வெளியேற்றப்பட்டதையும் எழுதாத நூல் முல்லைத்தீவின் வரலாறாகாது. நமக்கு நேர்ந்த இழப்பை உலகம் கேட்க வேண்டுமாயின், நம் நடுவே நேர்ந்த இழப்பையும் நாம் சொல்லுதல் வேண்டும்.

செய்யத்தக்கன

மாணவர்கட்குச் சில எளிய வழிகள் கூறுவேன். முதலாவதாக, தத்தம் ஊர்க் குளத்தைச் சுற்றி நடந்து, கட்டு, துருசு, வான், வாய்க்கால், கோயில், பழைய மரம், கிணறு ஆகியவற்றைக் குறித்துப் படம் வரைக. இரண்டாவதாக, வயற்றுண்டுகளின் பெயர்களை விடாது எழுதுக. அவை எந்த அரசாங்க வரைபடத்திலும் முழுமையாய் இல்லை. மூன்றாவதாக, முதியோர் சொல்வதை அவர்தம் சொற்களிலேயே எழுதி, சொன்ன நாளையும் அவரது வயதையும் குறிக்க. அவர் விரும்பாதவற்றை வெளியிடற்க. நான்காவதாக, ஒரு செய்தியை இருவரிடமேனும் கேட்க; இருவரும் மாறுபட்டால் இரண்டையும் எழுதுக. ஐந்தாவதாக, பாடசாலைச் சேர்வு இடாப்பு, கோயிற் கணக்கு, பிறப்புப் பதிவு, காணிப் பத்திரம் ஆகியவற்றோடு ஒப்பிடுக. இறுதியாக, ஒரு பிரதியை ஓரிடத்தில் மட்டும் வைக்காதிருக்க. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒன்று கல்லூரி நூலகத்தில், ஒன்று ஊரில், ஒன்று 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் காத்துவரும் நூலக நிறுவனம் போன்ற ஓரிடத்தில் இருக்கட்டும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியிலுள்ள மஞ்சளித்த திருமண அழைப்பிதழும், குளக்கட்டில் நின்று எடுத்த படமும், அன்னையார் எழுதிய கடிதமும் ஊர் வரலாற்றின் ஏடுகளே. அவற்றைப் படியெடுத்து அனுப்புங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரை மட்டும் சொல்லாமல், அவ்வூர்க் குளத்தின் பெயரையும், அது வான்பாய்ந்தால் எக்குளத்தைச் சேரும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த மாரியில் ஊர் வரும்போது அவர்கள் அந்நீர் ஓடும் வழியைத் தாமே நடந்து காணட்டும்.